ஆர்வில் நிலத்து நடுப்புள்ளி

ஐஸ் துண்டை ஸ்பூனில் ஊட்டிக்கொண்டிருந்த மகளிடம்தான் சாகக் கிடந்த ஆர்வில் அந்தக் குண்டைப் போட்டார்.

"நடீன், அந்த சென்சஸ் ஃபாரத்தை அடுப்புல போட்டுட்டேன். எண்ண வந்த பொண்ணையும் நாயை விட்டுத் துரத்தினேன். பக்கத்துப் பண்ணைக்காரன்கிட்ட, வீடு காலின்னு சொல்லிடுன்னேன்."

நடீன் ஸ்பூனைக் கீழே வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே சர்வேயர் கெஸ்லர் கான்கிரீட் கலக்கிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் எல்லாருக்கும் ஒரே எடை என்று வைத்து, தேசத்தை ஒரு தட்டுபோல விரல்நுனியில் தூக்கினால் எங்கே சாயாமல் நிற்குமோ, அந்த மக்கள்தொகை நடுப்புள்ளி இந்த சென்சஸில் ஆர்விலின் மேய்ச்சல் நிலத்தில் விழுந்திருந்தது. மிசௌரியின் அந்த மூலையில் அதற்கு முன் நடந்த பெரிய சம்பவம், சர்ச்சுக்குள் பன்றி புகுந்ததுதான். பதினொரு மணிக்கு விழா வைத்து, அந்த இடத்தைக் குறிக்கும் பித்தளை வில்லையைப் பதிக்கிறார்கள். ஊரார் சுட்டுக் கொண்டுவந்து குவித்திருந்த ஆப்பிள் பலகாரங்களைப் பார்த்தால், முப்பத்துமூன்று கோடிப் பேரும் நேரிலேயே வருவதுபோல இருந்தது.

"என்னை விட்டுட்டுப் போட்ட கணக்கு. வில்லை தப்பான இடத்துல உக்காரப் போகுது. கான்கிரீட் இறுகறதுக்குள்ள போய்ச் சொல்லு."

மத்தியானம் தாண்டாது என்று நர்ஸ் சொல்லிப் போயிருந்தாள். நடீன் அவர் கையை விட்டாள், மறுபடி பிடித்தாள்.

"போடீ!"

ஓடினாள். ஐம்பத்தெட்டு வயதில், வெறுங்காலோடு, மிசௌரியின் மொத்தச் சாணியையும் மிதித்துக்கொண்டு.

விஷயத்தைக் கேட்டதும் கெஸ்லர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"இங்கேர்ந்து நூறடிதானேம்மா வீடு? தட்டைத் தாங்குற விரலுக்கு நேர் மேல ஒரு சோளமணியை வச்சா, தட்டு சாயுமா? அவரைச் சேர்த்தாலும் இதே இடம்தான். எடுத்தாலும் இதே இடம்தான்."

அவள் திரும்பி வந்தபோது ஆர்விலின் மூச்சுகளுக்கிடையே ஒரு மாடு கடந்துபோகும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

"அப்பா, அசையாதாம். நீங்க நடுவுலயே இருக்கீங்களாம். உங்களைச் சேர்த்தாலும் அதே இடந்தானாம்."

மீதியை அவள் சொல்லவில்லை.

ஆர்வில் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அப்போ அந்தப் பொண்ணைத் துரத்தினது தப்பில்ல."

அடுத்த மூச்சுக்காக நடீன் காத்திருந்தாள். வெளியே பள்ளிக்கூட பேண்டு சுருதி சேராமல் தொடங்கி, ஒரு பாட்டை முழுசாகக் கொன்று முடித்தது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

பிறகு போர்வையைச் சரிசெய்துவிட்டு, அதே சாணிக்காலோடு நிலத்துக்கு வந்தாள்.

"அப்பா எப்படியிருக்காரும்மா?" என்று கேட்டார் கெஸ்லர்.

அவள் வில்லையைக் காட்டினாள். கெஸ்லர் அதை ஈரக் கான்கிரீட்டில் அழுத்தி, சமம் பார்க்க மேலே ரசமட்டத்தை வைத்தார். நடீன் குனிந்து பார்த்தாள். குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றது. வெகுநேரம் பார்த்தாள். அது அசையவில்லை.