பதினான்காவது கேள்வி

ஆபீசில் என் பெயர் பூட்டு. முகத்துக்கு நேரே சார் என்பார்கள். முதுகைத் திருப்பினால் பூட்டு. எனக்கு வருத்தமில்லை. கப்பலேறப் போகும் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்தி, யாருக்குப் போகிறது, எதற்குப் போகிறது, வாங்குகிறவன் பெயர் தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. நான் கையெழுத்துப் போடாமல் எங்கள் கம்பெனிப் பம்பு ஒன்றுகூட வாசலைத் தாண்டாது.

எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் தங்கமான மனிதர். யார் எதைக் கேட்டாலும் சரி சரி என்பார். பொருளாதாரத் தடை உள்ள ஒரு நாட்டுக்கு, நடுவில் வேறொரு கம்பெனியின் பெயரைப் போட்டு, அவர் கையெழுத்தில் பதினெட்டுப் பம்புகள் போயின. அந்த நடுக்கம்பெனி அவருடைய மைத்துனருடையது. அதிகாரிகள் வந்து நான்கு நாள் அலமாரி அலமாரியாகப் புரட்டினார்கள். அவர் ஜெயிலுக்குப் போனார். ஒரு வருடம் ஏற்றுமதியே கூடாது என்று உத்தரவு வந்து, நாற்பது பேருக்கு வேலை போயிற்று. சூடு கண்ட முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனிமேல் இப்படி நடக்காதபடி விதி எழுது என்றார். எழுதினேன்.

படிவத்தின் பதினான்காவது கேள்வி என்னுடையது. 'இப்பொருளைப் பெறுபவரோடோ, இதனால் பயனடைபவரோடோ உங்களுக்கு உறவு உண்டா?' உண்டு என்றால் கோப்பு கைமாறி வெளி வக்கீலிடம் போகும். அங்கே ஆய்வு முதலிலிருந்து தொடங்கும், முப்பது வேலை நாள். உறவைச் சொன்னவர் அந்தக் கோப்பைப் பற்றி யாரிடமும் கேட்கக் கூடாது, அவரிடமும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. ஏற்றுமதிப் பிரிவில் ஒரு பெண், வாங்குகிற கம்பெனியில் தன் சித்தப்பா மகன் காவலாளி என்பதை எழுதாமல் விட்டுவிட்டாள். எல்லார் முன்னாலும் அவளைக் கிழி கிழி என்று கிழித்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவள் அன்று சாப்பிடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

என் தங்கை வாழ்க்கைப்பட்டுப் போனதும் அப்படித் தடை உள்ள நாடுதான். அவள் போனபோது தடை இல்லை. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், வாயைத் திறந்தால் கிண்டல். "என் பேரையும் அந்தப் பட்டியல்ல தேடிப் பாத்துட்டுத்தானே மச்சான் பொண்ணு குடுத்தீங்க?" என்று போனில் கேட்பார். மூன்று வருடமாக அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று தடவை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போன வருடம் நான் அங்கே போயிருந்தபோது, கொட்டுகிற மழையில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஒரு திங்கட்கிழமை ஆர்டர் வந்தது. டயாலிசிஸுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கிற பம்பு ஒன்று. இருந்த இரண்டில் ஒன்று பழுது. அந்த வகைப் பம்பை ஆயுதம் செய்கிற காரியத்துக்கும் பயன்படுத்தலாம் என்பதால் தடை. ஆனால் மருத்துவத்துக்கு என்றால் விலக்கு உண்டு. எல்லாக் கடிதமும் சரியாக இருந்தது. மத்தியானத்துக்குள் முடித்திருப்பேன்.

காலையிலேயே தங்கை போன் பண்ணியிருந்தாள். "அண்ணா, அவருக்கு இப்ப வாரம் ரெண்டு தடவைதான் போடறாங்க. கால் வீங்கிக் கெடக்கு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியிலயும் எடம் இல்லையாம். உங்க கம்பெனி பம்புதான் வரணும்ங்கறாங்க."

பதினான்காவது கேள்வியில் என் பேனா நின்றது. விற்பனை மேலாளர் எதிரில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"சார், ஆஸ்பத்திரியா உங்களுக்குச் சொந்தம்? அங்க படுத்திருக்கற ஒரு ஆள்தானே. இல்லைன்னு எழுதிட்டுப் போங்க."

"பயனடைபவர்னு எழுதியிருக்கே. அதை எழுதினதே நான்தான்."

"எழுதின உங்களுக்குத் தெரியாதா, எதுக்கு எழுதினோம்னு? திருட்டுத்தனம் நடக்கக் கூடாதுன்னுதானே?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. ஊருக்கு உபதேசம், உனக்கு இல்லையா என்று நாளைக்கு ஒருத்தரும் கேட்டுவிடக் கூடாது. உள்ளதைச் சொல்கிறேன், நேர்மையைவிட வீம்புதான் அன்றைக்கு எனக்கு அதிகம் இருந்தது. இவ்வளவு சுத்தமான கோப்பை வக்கீல் எதற்கு முப்பது நாள் வைத்திருக்கப் போகிறார், மூன்று நாளில் வந்துவிடும் என்றும் நினைத்தேன். 'உண்டு' என்று எழுதினேன். வக்கீலுக்கு அனுப்ப எங்கள் சட்டப் பிரிவு அம்மா வந்து கோப்பை எடுத்துக்கொண்டு போனார்.

மூன்று நாளில் வரவில்லை. பத்து நாளிலும் வரவில்லை. அந்த அம்மாவை நடையில் பார்த்தால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். நானும் எதுவும் கேட்கவில்லை.

"இப்ப வாரம் ஒரு தடவைதான்ணா," என்றாள் தங்கை. "இருக்கற ஒரு பம்பும் நின்னு நின்னு ஓடுதாம். உன் ஆபீஸ்தானே? ஒரு வார்த்தை கேளேன்."

"நான் கேக்கக் கூடாதும்மா."

"ஏன்?"

"விதி அப்படி."

"எந்தப் பாவி எழுதின விதி அது?"

போனை மாப்பிள்ளை வாங்கினார். மூச்சு வாங்கியது. "பூட்டுக்குச் சாவி தொலைஞ்சுபோச்சா மச்சான்?" என்றார். ஆபீசில் எனக்கு வைத்த பெயரை நான்தான் ஒரு முறை அவரிடம் சொல்லிச் சிரித்திருந்தேன்.

இருபத்திரண்டாவது வேலை நாள், காலை பத்தரை மணிக்கு, தங்கை அழுதுகொண்டே போன் பண்ணினாள். அவளால் ஒரு வாக்கியத்தையும் முடிக்க முடியவில்லை. அவசியமும் இருக்கவில்லை. விமானம் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று சட்டப் பிரிவு அம்மா கோப்போடு என் அறைக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல சார். பதினாலாவது கேள்விக்கு உங்க பதில் இப்ப மாறிடுச்சு. திருத்தி எழுதினீங்கன்னா கோப்பு உங்ககிட்டயே வந்துடும். அங்க இன்னும் இருபத்திமூணு பேர் காத்திருக்காங்க."

கோப்பைத் திறந்தேன். ஒன்பதாம் நாளே வக்கீல் ஒரே ஒரு சந்தேகம் எழுப்பியிருந்தார். ஆஸ்பத்திரிக் கடிதத்தில் ஒரு தெருப் பெயர், பம்பை இறக்க வேண்டிய இடத்துக்கு வேறொரு தெருப் பெயர். நடுவில் வேறு யாராவது இருக்கிறார்களா? ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கீழே அந்த அம்மாவின் கையெழுத்தில் இருந்தது: 'அந்த இடத்தை நேரில் அறிந்தவர் கம்பெனியில் ஒருவரே. விதிப்படி அவரிடம் கேட்க இயலாது.'

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்பக்கம் குறுகல், லாரி நுழையாது. மழையில் நனைந்துகொண்டு அந்தப் பின்வாசலில் நான் நின்றிருக்கிறேன். பாதி நிமிடத்துப் பதில் அது.

பதினான்காவது கேள்விக்கு எதிரே 'உண்டு' என்பதை அடித்தேன். 'இல்லை' என்று இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. பின்வாசலைப் பற்றி ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே லாரி கிளம்பியது.

அடுத்த மாதம் தங்கை போன் பண்ணினாள். "பம்பு ஓடுதாம்ணா. எல்லாருக்கும் திரும்ப வாரம் மூணு தடவை போடறாங்களாம்." பிறகு கேட்டாள்: "நீயே அதைப் பாத்திருந்தா எத்தனை நாள் ஆகியிருக்கும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. "ஒரு மத்தியானம்," என்றேன். "அந்த விதியை எழுதின பாவி நான்தாம்மா."

"தெரியும்ணா. அவர் அப்பவே சொல்லிட்டாரு. 'உங்கண்ணன் உறவு உண்டுன்னு எழுதியிருப்பாரு, வேற என்ன எழுதத் தெரியும் அவருக்கு'ன்னு சிரிச்சாரு. உன்னைத் திட்டக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாரு." அவள் குரல் உடைந்தது. "அதனாலதான் திட்டாம இருக்கேன். வெச்சிடறேன்."

வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது எனக்கு.