தண்ணீருக்குள் டிக்

1

ஒரு படகுச் சவாரி கிடைக்காததால் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. மூணாறு பக்கத்து மாட்டுப்பட்டி அணையில் படகுக்காரர் பிரதீப், "இன்னைக்கு ஓடாது சார், தண்ணிக்குள்ள சத்தம் கேக்காங்க" என்றார். மிச்சத்தை நானே இட்டுக்கட்டினேன்.

2

தேயிலைச் சரிவுகளில் பனி இறங்கிய காலையில் ஜீவிதா—

(வேண்டாம். மூணாறைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.)

ஜீவிதா எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். கடலின் இரைச்சலை அளக்கக் கருவி செய்பவள். நீளக் கயிற்றில் ஒலிவாங்கிகளை வரிசையாகக் கோத்து, ஒரு சட்டத்தில் கட்டிக் கடலுக்குள் இறக்கினால், கப்பல்கள் எவ்வளவு சத்தம் போடுகின்றன என்று தெரியும். கேட்கிற கருவி தானே சத்தம் போடக் கூடாது. அதனால் ஒரு இரும்பு வளையம்கூட இல்லாமல் எல்லாவற்றையும் கயிற்றாலேயே கட்டியிருந்தாள். இன்றைய சோதனையில் தேறினால் கருவி கப்பல் ஏறும். இல்லையென்றால் அவளுடைய நான்கு வருட உழைப்பு கொச்சி அலுவலகத்தின் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கடலுக்கான கருவியை அணையில் ஏன் போடுகிறாள்? கருவியின் சொந்தச் சத்தம் அமைதியான தண்ணீரில்தான் அகப்படும். தவிர, அம்மாவையும் மகளையும் ஒரே இடத்தில் நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.)

3

முதல் வரைவில் பிரதீப்பை ஜீவிதாவின் காதலனாக வைத்திருந்தேன். வேலை ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். பழையபடி படகை நிறுத்தி வைக்கும் வேலையையே கொடுத்துவிட்டேன்.

அணை அடங்கியது. ஜீவிதா ஹெட்போனை மாட்டினாள்.

டிக். டிக்.

படகுத்துறையில் குனிந்து கயிற்றை இழுத்தாள். சட்டம் ஒரு முழ ஆழத்துக்கு வந்தது. அதன் ஓரத்தில், சிவப்பு நூலில், வேளாங்கண்ணி மாதா டாலர் ஆடி ஆடி இடித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் கருவி அம்மாவின் வீட்டில்தான் இருந்தது.

சோறு கொண்டுவந்திருந்த அம்மா செபமாலையம்மாள் பக்கத்திலேயே நின்றாள்.

"ஏம்மா, இதுல எதுக்குக் கட்டுன? என் கழுத்துல கட்டிருக்கலாம்ல?"

"ஏட்டி, நீ கப்பல் மேல நிப்ப. இதுதான கடலுக்குள்ள போவுது? இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ சோறு திம்பியா?"

இதை எழுதியதும் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

4

முடிவு அ: ஜீவிதா நூலை வெட்டுகிறாள். அறிவியல் வெல்கிறது. அம்மா பேச்சை நிறுத்திவிடுகிறாள்.

முடிவு ஆ: டாலரை டேப்பால் இறுக்கி ஒட்டுகிறாள். (டேப்புக்கடியில் காற்றுக்குமிழ் சிக்கும், அதுவும் சத்தம் போடும். அடித்துவிட்டேன்.)

முடிவு இ: அம்மாவே மனம் மாறி— (அவளை உங்களுக்குத் தெரியாது.)

5

புரியவைக்கலாம் என்று ஜீவிதா ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் காதில் மாட்டினாள். செபமாலையம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லாக் கேக்குதுட்டி. அவ்வளவு ஆழத்துக்குப் போனாலும் மாதா கூட இருக்கான்னு தெரிஞ்சுக்கலாம்."

ஜீவிதா கத்தரிக்கோலை எடுத்தாள்.

நான் இதோடு எழுந்துகொள்கிறேன். கத்தரிக்கோலை நீங்கள் பிடியுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: அம்மா இன்னும் ஹெட்போனைக் கழற்றவில்லை. சத்தம் நிற்பது முதலில் அவளுக்குத்தான் கேட்கும்.