கடல் கொண்டுபோகாத பேணி

கடற்கரையில் பழைய காசு தேடுகிற பைத்தியம் ஸஜாத்துக்குக் கட்டாரில் வேலைசெய்த காலத்தில் தொற்றியது. ஊருக்குத் திரும்பி மருதமுனையில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை போட்ட பிறகும் அது விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் சுபஹு தொழுத கையோடு, மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கத்துகிற அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போய்விடுவான். பெரும்பாலும் சோடா மூடியும் வலை ஈயமும்தான் அகப்படும். எப்போதாவது ஒல்லாந்தர் காலத்துச் செப்புக்காசு ஒன்று பச்சை பிடித்துக் கிடைக்கும். அதைத் தண்ணீரில் ஊறப்போட்டு எழுத்துத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒன்றைக்கூட விற்றதில்லை.

"அனுமதி இல்லாம அத வெச்சிருக்கிறதே குத்தமாம். ஒரு நாளைக்கு மாட்டப்போறீங்க" என்பாள் மனைவி சிபானா. அவன் சிரித்துவிட்டுப் போவான்.

அந்த மாரியில் கடல் கரையை நிறைய அரித்துவிட்டது. சுனாமியோடு மண்ணுக்குள் போன வீட்டு அத்திவாரங்கள் வெளியே தலைகாட்டின. சில்லறைக் கடை வைத்திருந்த அப்துல் ஸமடின் வீட்டு அடுப்படி இருந்த மூலையில் மெஷின் விடாமல் கத்தியது. தோண்டினான். எவர்சில்வர் பேணி ஒன்று, மூடியைச் சுற்றிக் கம்பி முறுக்கியபடி வந்தது.

அது யாருடையது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஸமடின் மனைவி முனவ்வறா தன் நகைகளைப் போட்டுப் புதைத்த பேணி. சுனாமியன்று அதை எடுக்கத் திரும்பி ஓடித்தான் ஸமட் கடலோடு போனார். ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை.

ஸஜாத் அதைத் திறக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டுப் போய் முனவ்வறாவைக் கூட்டிவந்தான். அவள் தூரத்துச் சொந்தம், அவனுக்கு மாமி முறை.

பேணியைக் கண்டதும் அவள் மணலில் குந்திவிட்டாள். "நான்தான் மகன் அவர அனுப்பின. அஸ்கி அப்ப வயித்துல. ரோட்டுக்கு வந்து சேந்த பொறகும் 'பேணி, பேணி' எண்டு கத்தினன். ஒரு பேச்சும் பேசாம திரும்பிப் போனாரு."

"தெறக்கவா மாமி?"

"ஓம், தெறங்க."

கம்பியை வெட்டினான். உள்ளே சாரத் துண்டில் சுற்றியபடி இரண்டு இரும்புப் படிகள், தராசில் போடுகிற படிகள். ஒரு குன்றிமணித் தங்கமும் இல்லை.

முனவ்வறா ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கடைப் படி. காணாமப் போச்செண்டு புதுசு வாங்கினாரு." அவள் குரலில் அழுகை இல்லை. "நகைய எடுத்துட்டு, பாரத்துக்கு இதப் போட்டிருக்காரு. வெறும் பேணி எண்டு தெரிஞ்சிதான் போயிருக்காரு. 'அதுல ஒண்டுமில்ல புள்ள' எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

அவள் எழுந்து போய் இரண்டு படிகளையும் சாரத் துண்டையும் அலைக்குள் எறிந்தாள். வெறும் பேணியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அன்று பின்னேரமே அஸ்கி கூட்டாளிகளோடு ஸஜாத்தின் வீட்டு வாசலில் நின்றான். வாப்பாவின் முகத்தைக் காணாமல் பிறந்தவன். வாப்பாவின் பெயரில் கடை நடத்துகிறவன். யாரோ கரையில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"உம்மாட நக எங்க?"

"பேணிக்குள்ள நக இல்ல. உம்மாட்டக் கேளு."

"கேட்டன். நீ தெறக்கக்குள்ள அவ அங்க நிக்கல்லயாம், கையில தாறக்குள்ள வெறும் பேணிதானாம்."

ஸஜாத்துக்குக் கோபம் தலைக்கு ஏறியது. படிகளைப் பற்றி, ஸமட் செய்ததைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்குமுன் கன்னத்தில் அறை விழுந்தது.

"மௌத்தாப் போன மனிசன்ட தலையில போடுறியா? பொலிசுக்குப் போ பாப்பம். நீதான் உள்ள போவாய்."

மெஷினை வாசலிலேயே அடித்து நொறுக்கிவிட்டுப் போனார்கள். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

அதன்பிறகு 'புதையல் ஸஜாத்' என்று பெயர் விழுந்தது. பழைய வாடிக்கைக்காரர்கள் அவன் கடையைத் தாண்டிக்கொண்டு பக்கத்துப் பாண்டிருப்புக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிப்போனார்கள். "தோண்டினதுதான் தோண்டினீங்க, அப்பவே மூடிப்போட்டு வந்திருக்கலாமே" என்றாள் சிபானா. அவளுக்காவது தன்மேல் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்க அவனுக்குப் பயமாக இருந்தது.

நோன்பு மாதம் தொடங்கிய பிறகு ஒரு நாள், கடையில் யாருமில்லாத நேரம் பார்த்து முனவ்வறா வந்தாள். கையில் கஞ்சிப் பாத்திரம்.

"அவன் வாப்பாவ ஷஹீத், சொர்க்கத்துக்குப் போனவர் எண்டு நெனச்சி வளந்தவன். அந்தப் புள்ளைக்கு வேற ஒண்டுமில்ல. அவரக் கள்ளனாக்க எனக்கு ஏலாமப் போச்சி மகன்."

"என்னயக் கள்ளனாக்க ஏலுமாயிருந்திச்சே மாமி."

அவள் தலையைக் குனிந்தாள். கஞ்சிப் பாத்திரத்தை மேசையில் வைக்கப் போனாள்.

"அதக் கொண்டு போங்க" என்றான் ஸஜாத்.

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, தெருவில் ஆள் இல்லையென்று பார்த்து இறங்கிப் போனாள்.