துடைபட்டுப்போன பிழை

மெரிடித் ஸ்டாகருக்கு ஒரு பெருமை உண்டு. அவள் 'சி' என்ற கணினி மொழியில் எழுதிய நிரல் பாதியில் நின்றுபோனாலும், திறந்த கோப்பை மூடி, வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பிளாக்ஃபுட் ஊர்ப் பக்கத்து உருளைக்கிழங்குக் கிடங்குகளில் கிழங்கு முளைவிடாமல் குளிர்ச்சியாக வைக்கும் விசிறிகளை அந்த நிரல்தான் ஓட்டிக்கொண்டிருந்தது.

மார்ச் மாதத்தில் கிடங்குக்காரர் லமார் ஜெப்சன் கூப்பிட்டார்.

"மெரிடித், என் கிழங்கெல்லாம் முளைவிட்டு நிக்குது!"

"விசிறி ஓடலையா?"

"திரையில தினமும் 'வெற்றி'ன்னுதான் போட்டுச்சு. வெற்றியைப் போய் யாராவது சந்தேகப்படுவாங்களா?"

நிரலைத் திறந்து பார்த்தாள். விசிறிகளை இயக்கும் பெட்டி பதில் தரவில்லை என்ற பிழையை அது ஒழுங்காகவே பிடித்து, மாறி என்னும் ஒரு சேமிப்பிடத்தில் குறித்து வைத்திருந்தது. பிறகு துப்புரவில் இறங்கியது. கோப்பு நல்லபடியாக மூடியதும், அதற்கான பூஜ்யத்தை அதே மாறியின் மேல் எழுதிவிட்டது. பூஜ்யம் என்றால் வெற்றி. குப்பையோடு பிழையையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருந்தது. மெரிடித்துக்கு முகம் சுட்டது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவள் மாதிரியாகக் காட்டியதே இந்தத் துப்புரவைத்தான்.

துப்புரவின் விளைவுக்குத் தனி மாறி வைத்தாள். முதலில் வந்த பிழையே கடைசிவரை நிற்கும்; மூடும்போது வரும் பிழை, முன்னால் வேறொன்றும் இல்லாவிட்டால் மட்டுமே வெளியே வரும். திருத்திய நிரலை எடுத்துக்கொண்டு நேரே கிடங்குக்குப் போனாள்.

புதிய நிரல் ஓடியதும் திரை சிவந்தது: விசிறிப் பெட்டியிடமிருந்து பதில் இல்லை.

"வந்ததும் வராததுமா கெடுத்துட்டியே!" என்றார் லமார்.

இருவரும் பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார்கள். அதன் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்கவேண்டிய இடத்தில் லமார் கோகோ போட வெந்நீர் வைக்கும் மின்கெட்டில் செருகப்பட்டிருந்தது.

லமார் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஜனவரியில செம குளிரு."

"பெட்டியைப் பிடுங்கினா பிழை வரும்னு தோணலையா?"

"தோணுச்சு. பார்த்தேன். 'வெற்றி'ன்னு சொல்லுச்சு."

மெரிடித் கெட்டிலைப் பிடுங்கினாள். பெட்டியின் பிளக்கைச் செருகியதும் விசிறிகள் இரைந்தன.

"பழைய நிரலுக்கு ஒரு நாகரிகம் இருந்துச்சு. யாரையும் காட்டிக்கொடுக்கல," என்றார் அவர். "இந்தக் கெட்டில் விஷயத்தையும் உன் அறிக்கையில எழுதணுமா?"

"எழுதணும். ஆனா என் தப்பை எழுதினப்புறம்தான் உங்களோடது."

"அப்ப சரி."

முளைவிட்ட கிழங்கு மாட்டுத் தீவனத்துக்குப் போனது. மெரிடித் காரைக் கிளப்பும்போது, லமார் கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவர் நெடுக வேறொரு மின்துளையைத் தேடிக்கொண்டிருந்தார்.