முகத்துவாரத்தில் உப்பு

ஆம்பூரில் பதனிட்ட தோல்கட்டுகளோடு நானும் அப்பாவும் படகில் ஒரு சிறு துறைமுகத்துக்கு வெளியே, கடலில் வந்து நின்றிருந்தோம். ஆற்றின் முகத்துவாரம் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஆற்று நீர் வெளியே பாயும்போது நுழைந்தால் மணல்திட்டின் மேல் அலை எழும்பிப் படகைக் கவிழ்த்துவிடும். படகோட்டி எல்லப்பனுக்கு அந்த ஊர் புதிது.

"அலை கம்மியாத்தான் இருக்குது, போ எல்லப்பா," என்றார் அப்பா. மழை வந்து தோல் நனைந்துவிடுமோ என்ற பயம் அவருக்கு.

நான் குனிந்து கொஞ்சம் நீரை அள்ளி நாக்கில் வைத்தேன். தோல் ஊறவைக்கும் தண்ணீரை எங்கள் வீட்டில் இப்படித்தான் சோதிப்போம். உப்பு லேசாகத்தான் இருந்தது.

"இன்னா பாப்பா, தாகமா?" எல்லப்பன் சிரித்தார்.

"இன்னும் ஆத்துத் தண்ணிதான் வெளிய வருது. இருங்கண்ணா."

"காலேஜ்ல வாயே தொறக்க மாட்டாளாம்," என்று முணுமுணுத்தபடி அப்பா நங்கூரத்தை இறக்கினார்.

வெயில் சாயும்போது மறுபடி அள்ளினேன். நாக்கில் உப்புக் கரித்தது. கடல் உள்ளே ஏறத் தொடங்கியிருந்தது.

"இப்ப போலாம்."

அலைகள் பின்னாலிருந்து தள்ள, படகு ஆடாமல் உள்ளே போய்க் கரையோரம் நின்றது. தோல்கட்டுகள் நனையவில்லை.

"திரும்பறப்ப இன்னா பண்றது?" என்றார் எல்லப்பன். இப்போது அவர் சிரிக்கவில்லை.

"கடல் ஏறி முடிஞ்சு, தண்ணி நெறைஞ்சு நிக்கறப்ப கெளம்பணும். நானே சொல்றேண்ணா."