மார்லிஸ் வீட்டுக் கடைசித் துண்டு

ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தின விருந்துக்கு வெஸ்லி ஏழு வருடமாக ஐஸ் கட்டிதான் கொண்டு வருகிறான்.

அது அவனே தேடிக்கொண்ட வினை. கல்யாணமான புதிதில் மாமியார் மார்லிஸ் போன் செய்து, "விருந்துக்கு நீ என்னப்பா கொண்டு வரே?" என்று கேட்டாள். டெக்சாஸிலிருந்து மினசோட்டாவுக்கு வந்த புது மாப்பிள்ளை, கொஞ்சம் பணிவு காட்டுவோமே என்று நினைத்தான். "எதுவானாலும் சரி அத்தை. ஐஸ் வாங்கிட்டு வரச் சொன்னாக்கூட வரேன்" என்றான். மார்லிஸ் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மார்லிஸின் பட்டியலில் ஒருவன் பெயர் ஒரு பொருளுக்கு நேரே ஏறிவிட்டால், அது பட்டா போட்ட நிலம் மாதிரி. மச்சான் கர்ட்டுக்கு அடுப்பும் இறைச்சியும். அடுத்த கேபின் ஹாகன் தம்பதிக்கு உருளைக்கிழங்கு சாலட். மார்லிஸின் தங்கை பெவ்வுக்குக் கொடி கேக், அமெரிக்கக் கொடி மாதிரியே. ஸ்ட்ராபெர்ரியில் சிவப்புப் பட்டை, கிரீமில் வெள்ளைப் பட்டை, மூலையில் ப்ளூபெர்ரியால் நீலக் கட்டம். இருபத்தாறு வருடமாக அந்தக் கேக்கை வேறு யாரும் செய்ததில்லை. செய்ய நினைத்ததாகக்கூட யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வீட்டில் சமைப்பது என்னவோ வெஸ்லிதான். அவன் பீச் பழத்தை வாட்டி, வெண்ணெயும் தேனும் விட்டுக் கொடுத்தால் அவன் மனைவி கிறிஸ்டின் தட்டை நக்கிவிடுவாள். ஆனால் விருந்து நடக்கிற மார்லிஸின் ஏரிக்கரைக் கேபினுக்கு வந்தால் அதே வெஸ்லி இரண்டு ஐஸ் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற ஆள். வீட்டுக் குழந்தைகள் அவனை 'ஐஸ் மாமா' என்று கூப்பிட ஆரம்பித்து மூன்று வருடமாகிறது. போன வருடம் மாமனார் ஆர்வில் ஒரு நண்பருக்கு அவனை அறிமுகப்படுத்தும்போது, "இவர்தான் நம்ம... ஐஸ்" என்று முடித்துக்கொண்டார். பெயர் ஞாபகம் வரவில்லை.

இந்த வருடம் ஜூன் கடைசியில் வழி பிறந்தது. பெவ்வின் மகளுக்குப் பிரசவ நேரம். பெவ் அவள் இருக்கிற ஃபார்கோவுக்குப் போய்விட்டாள். வெஸ்லி ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை.

"அத்தை, கேக் நான் செய்யறேன்."

போனில் மார்லிஸ் பட்டியலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"அது பெவ்வோடதாச்சேப்பா."

"இந்த ஒரு தடவைதானே அத்தை?"

"சரி, செய்யி. பாத்திரத்தை நானே கழுவித் தரேன். காலியா என் கைக்கு வந்தா அடுத்த வருஷத்தைப் பத்திப் பேசலாம். மிச்சம் வந்துச்சுன்னா பேச்சே இல்லை."

"காலியாத்தான் வரும் அத்தை" என்று வெஸ்லி மார்தட்டினான். அவன் கண்ணாடிப் பாத்திரத்தில் இருபத்து நாலு துண்டு வரும். விருந்துக்கு இருபத்தொரு பேர். இதில் பயப்பட என்ன இருக்கிறது?

நாலாம் தேதி வெயில் மண்டையைப் பிளந்தது. வெஸ்லி பஞ்சு கேக்கைத் துண்டு போட்டுப் பரப்பி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்த பழச்சாற்றைத் தெளித்து, கிரீமைக் கெட்டியாக அடித்து மேலே பூசி, விடிந்ததிலிருந்து பழம் அடுக்கிக்கொண்டிருந்தான். ஸ்ட்ராபெர்ரியைச் சீவுகிற வேகத்தில் வாயிலும் போட்டுக்கொண்டதால் கடைசியில் இரண்டு வரிசை குறைந்துவிட்டது.

முற்றத்து மேசையில் வைத்ததும் முதலில் வந்து குனிந்து பார்த்தவர் ஆர்வில். முப்பது வருடம் தபால் நிலையத்தில் கொடி ஏற்றி இறக்கிய மனிதர்.

"பதினோரு பட்டைதான் இருக்கு. கொடியில பதிமூணு வேணுமே."

"ஸ்ட்ராபெர்ரி தீர்ந்துடுச்சு மாமா."

"பதிமூணு மாகாணம் சேர்ந்துதானே சுதந்திரத்துக்குச் சண்டை போட்டாங்க? ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டியா?"

"வழியில வந்துட்டிருப்பாங்க" என்றான் கர்ட், வெளியே இறைச்சி அடுப்பில் சாசேஜைப் புரட்டிக்கொண்டே. "விடுங்கப்பா. மச்சான் முதல் தடவையா தின்கிற பொருள் கொண்டு வந்திருக்காரு. அதுவும் உருகலை பாருங்க."

கேலி செய்தார்களே தவிர, சாப்பாடு முடிந்ததும் எல்லோரும் மேசையை நோக்கி வந்தார்கள். முதல் துண்டு போனது. ஐந்து போனது. ஹாகன் இரண்டாவது தடவை வந்தார். குழந்தைகள் ப்ளூபெர்ரிக்கு அடித்துக்கொண்டார்கள். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வெஸ்லி மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். பதினெட்டு. இருபது. இருபத்திரண்டு. கிறிஸ்டினின் பெரியம்மா மகள் ஜேனல் இருபத்து மூன்றாவதை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு யாரும் வரவில்லை.

மேசையின் நடுவே பெரிய கண்ணாடிப் பாத்திரம். அதன் ஒரு மூலையில் ஒரே ஒரு துண்டு. பக்கத்தில் போனவர்கள் அதைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், போனார்கள்.

வெஸ்லி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். இந்த ஊரில் கடைசித் துண்டை எவனும் எடுக்க மாட்டான். உயிரே போனாலும் எடுக்க மாட்டான். இது அவனுக்குத் தெரியாத விஷயமா? கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒரு தட்டில் கடைசியாக இருந்த சாக்லேட் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டவன் அவன். டெக்சாஸில் அதற்கு யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இங்கே இன்றுவரை அதை ஒரு விபத்து மாதிரி, குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். தெரிந்திருந்தும் "காலியாத்தான் வரும்" என்று வாக்குக் கொடுத்திருக்கிறான்!

கிறிஸ்டினை ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனான்.

"உங்க சித்தி பாத்திரம் மட்டும் எப்படி வருஷா வருஷம் காலியாச்சு?"

"காலியா? யார் சொன்னா? மூடி போட்டு எடுத்துட்டுப் போவாங்க. கார் கதவைச் சாத்தினதும் மிச்சத்தை அவங்களே தின்னுடுவாங்க. ஒரு தடவை தாடையில கிரீமோட பெட்ரோல் போட்டுட்டிருந்ததை நான் பார்த்தேன்."

"இந்தப் பாத்திரத்தை உங்கம்மா கழுவித் தரப் போறாங்களே!"

"அப்போ நீயே தின்னுடேன்."

"உங்கம்மா பார்த்துட்டே இருக்காங்க, கிறிஸ்டின்."

உண்மைதான். மார்லிஸ் சமையலறை ஜன்னலில் நின்று ஒரே தட்டைக் கால்மணி நேரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கர்ட் எழுந்து வந்தான். வெஸ்லிக்கு உயிர் வந்தது. கர்ட் கத்தியை எடுத்தான். துண்டை அளந்து பார்த்து நேர் பாதியாக வெட்டினான்.

"முழுசா எடுத்துக்கோயேன் மச்சான்" என்றான் வெஸ்லி.

"சேச்சே, யாராவது ஆசைப்படுவாங்க." பாதியோடு போய்விட்டான்.

அவன் போனதும் ஜேனல் வந்தாள். மிச்சப் பாதியில் பாதி. அவளுக்குப் பின்னால் திருமதி ஹாகன். "ருசி பார்க்க இத்தனூண்டு போதும்" என்று அதிலும் பாதி. பிறகு ஆர்வில் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்தார். தபால்தலை கிழிக்கிற கவனத்தோடு ஓரத்தில் ஒரு சீவு சீவினார். பாத்திரத்தில் இப்போது இருந்தது கட்டைவிரல் நகம் அளவுக்குக் கேக், அதன் மேல் ஒரு துளி கிரீம், அதற்கும் மேல் ஒரு ப்ளூபெர்ரி. அதையும் பாதியாக்க முடியுமா என்று ஹாகன் தூரத்திலிருந்து யோசித்துக்கொண்டிருப்பது முகத்திலேயே தெரிந்தது.

வெஸ்லி பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாகனிடம் நடந்தான்.

"சாப்பிடுங்க சார்."

"ஐயோ, வேண்டாம்ப்பா."

வெஸ்லி திரும்பி வந்துவிட்டான். கிறிஸ்டின் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவை கேட்டுட்டு வந்துட்டியா? எத்தனை வருஷமா இங்க இருக்கே நீ? முதல் தடவை 'வேண்டாம்'னா அது மரியாதை. ரெண்டாவது தடவை 'வேண்டாம்'னா, நீ நிஜமாத்தான் கூப்பிடறியான்னு பார்க்கறாங்க. மூணாவது தடவைதான் பதில். மூணு தடவை கேட்டப்புறம் மறுத்தா அது அவமரியாதை. எடுத்துக்கிட்டே ஆகணும்."

வெஸ்லி வாயைப் பிளந்தான். இத்தனை வருடமாக இந்த ஊரில் அவன் யாருக்கு எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்றார்கள். தன்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அவனும் ஒரே வார்த்தையில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பனி தள்ள உதவட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றதும் உள்ளே போய்க் காபி குடித்தான். அந்த மனிதர் அதன் பிறகு பேசுவதே இல்லை.

"அப்போ மறுபடியும் ஹாகன்கிட்டப் போறேன்."

"ஹாகன் எதுக்கு? இன்னிக்கு இதைத் தொடாத ஆள் ஒருத்தர்தான் இருக்காங்க." கிறிஸ்டின் ஜன்னலைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள்.

வெஸ்லி முதலில் மேசையில் இருந்த கத்தியை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போட்டான். ஸ்பூன்களையும் போட்டான். பிளாஸ்டிக் முள்கரண்டிகளை மொத்தமாகக் குப்பைப் பைக்குள் தள்ளினான். அப்புறம் பாத்திரத்தோடு சமையலறைக்குள் போனான். பின்னால் கர்ட், ஜேனல், ஹாகன் தம்பதி எல்லோரும் கதவருகே வந்து, தண்ணீர் குடிக்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

"அத்தை, நீங்க சாப்பிடவே இல்லையே."

மார்லிஸ் பாத்திரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "எனக்கு வேண்டாம்ப்பா. வயிறு கொள்ளலை."

"கொஞ்சம்தான் இருக்கு அத்தை. எடுத்துக்கோங்க."

"வேற யாராவது குழந்தைங்க சாப்பிடட்டும்."

ஜேனல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வெஸ்லி தொண்டையைச் செருமினான்.

"எனக்காக அத்தை."

மார்லிஸின் முகத்தில் ஒரு ஆச்சரியம் வந்து போனது. ஏழு வருடத்தில் இந்த மாப்பிள்ளை எதையும் மூன்றாவது தடவை கேட்டதில்லை.

"இவ்வளவு சொல்றியே, சரி. கத்தி எங்கே?"

"கழுவப் போட்டுட்டேன் அத்தை."

"ஸ்பூன்?"

"அதுவும்."

மார்லிஸ் அவனை ஒரு முறை முறைத்தாள். பிறகு இரண்டு விரலால் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மெதுவாக மென்றாள். கதவருகே நின்றவர்கள் தண்ணீர் குடிக்கவே மறந்துவிட்டார்கள்.

"பரவாயில்லை" என்றாள்.

கர்ட் வெஸ்லியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். கிறிஸ்டின் அவன் காதில் கிசுகிசுத்தாள்: "அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கச் சம்மதமான்னு கேட்டப்பவும் அம்மா இதேதான் சொன்னாங்களாம்."

மார்லிஸ் பாத்திரத்தை வாங்கித் தொட்டியில் வைத்தாள். தண்ணீரைத் திறந்தபடியே, யாரிடமோ பேசுகிற மாதிரி, "அடுத்த வருஷமும் கேக்கை நீயே செய்யறியா?" என்றாள்.

ஏழு வருடம் காத்திருந்த கேள்வி. வெஸ்லி வாயைத் திறந்தான். உள்ளே 'சரி' என்றுதான் இருந்தது. ஆனால் வெளியே வந்தது:

"ஐயையோ, வேண்டாம் அத்தை. பெவ் சித்தி இருக்காங்களே."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. டெக்சாஸில் பிறந்த நாக்கு இப்படிச் சொல்லலாமா?

"பெவ்கிட்ட நான் பேசிக்கறேன். செய்யறியா?"

இப்போதாவது ஒத்துக்கொண்டிருக்கலாம். கதவருகே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவையிலேயே பாய்ந்து பிடித்துக்கொண்டால் இதற்காகவே பறந்துகொண்டிருந்தவன் என்று ஆகிவிடாதா?

"பட்டைகூட ரெண்டு குறைஞ்சு போச்சு அத்தை. எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் இல்லை."

மார்லிஸ் திரும்பி மூன்றாவது தடவைக்காக வாயைத் திறந்தாள். போன் அடித்தது.

ஃபார்கோவிலிருந்து பெவ். மார்லிஸ் ஈரக் கையோடு போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள். பத்து நிமிடம். வெஸ்லிக்கு அது பத்து மணி நேரம். கைப்பிடித் துணியை முறுக்கிக்கொண்டு நின்றான். கர்ட் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான். "என்ன மச்சான், கேட்டாச்சா?" "இல்லை." "மறந்துட்டாங்கன்னா?" "வாயை மூடு கர்ட்." போனில் மார்லிஸ் சிரிப்பது கேட்டது, 'கேக்' என்ற வார்த்தை கேட்டது. பெவ் தன் பட்டாவைத் திரும்பக் கேட்கிறாள் என்று வெஸ்லி முடிவு கட்டிவிட்டான்.

மார்லிஸ் உள்ளே வந்தாள். கண் ஈரமாக இருந்தது.

"பையன். மூணே கால் கிலோ. இன்னிக்கு மத்தியானம் பிறந்திருக்கான். இனிமே ஜூலை நாலுன்னா பெவ்வுக்குப் பேரன் பிறந்தநாள். ஃபார்கோவை விட்டு நகர மாட்டாளாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். வெஸ்லியும் தட்டினான். ஆனால் அவன் கண் மார்லிஸின் வாயை விட்டு நகரவில்லை. அவள் தொட்டிக்குப் போனாள். பாத்திரத்தைத் தேய்த்தாள். அலசினாள். துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான், முடிந்தது என்று அவனுக்குத் தோன்றியது.

"என்னப்பா சொன்னே நீ?" என்றாள் மார்லிஸ். "நிஜமாவே முடியாதா?"

"இவ்வளவு தூரம் சொல்றீங்க" என்றான் வெஸ்லி. "சரி அத்தை."

"அப்போ அடுத்த வருஷம் இந்தச் சின்னப் பாத்திரத்தை எடுத்துட்டு வராதே" என்றாள் மார்லிஸ். "சாப்பிடுங்கன்னு என்னை நீ எப்போ கேப்பே, எப்போ கேப்பேன்னு நான் ஜன்னல்லயே நின்னுட்டிருந்தேன். கடைசியில எனக்கு ஒரு நகம் அளவுதான் கிடைச்சுது."