ஒன்பதாம் வீட்டுத் தேதி

எட்டு மாதம் நாங்கள் ஈ ஓட்டினோம். வீடு வாங்க ஆளில்லை, அதனால் கட்டவும் ஆளில்லை. 'வாங்க மேஸ்திரி' என்று வரவேற்ற சிமென்ட் கடைக்காரரே என்னைக் கண்டால் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அரசாங்கம் கண் திறந்தது. மூன்று மாதம் கெடு; கடைசி மாதம் முப்பதாம் தேதிக்குள் கூரைக்குக் கான்கிரீட் போட்டுவிட்டால், அந்த வீட்டை வாங்குபவருக்கு வரி முழுக்கத் தள்ளுபடி. படுத்துக் கிடக்கும் கட்டுமானத் தொழிலைத் தூக்கி நிறுத்தப் போகிறார்களாம். யார் தோளில் என்று சொல்லவில்லை.

காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி விழுந்தோம். முதலாளிக்கு ஒரே வரிசையில் ஒன்பது வீடு. சென்ட்ரிங் வேலைக்கு என் மனைவியின் தம்பியைச் சேர்த்துக்கொண்டேன். கூரைக்குப் பலகை அடித்து, கீழே முட்டுக் கொடுத்து, கான்கிரீட் இறுகியதும் பிரித்தெடுப்பது அவன் பொறுப்பு. எந்நேரமும் கூரையோடு ஒட்டிக் கிடப்பதால் அவனுக்குப் பல்லி என்று பெயர்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம். கூரை போட்ட அன்றே வாசல் தூணில் தேதி எழுதிவிடுவோம். அதிலிருந்து இருபத்தொரு நாள் எண்ணித்தான் பல்லி முட்டுகளைப் பிரிப்பான். யாரையும் கேட்கமாட்டான். அவனுக்குத் தூண் சொன்னால் போதும்.

எட்டு வீடு முடிந்தது. ஒன்பதாவதற்கும் பலகை அடித்துவிட்டுப் பல்லி வெளியூர் வேலைக்குப் போனான். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்து எங்களைப் பாடாய்ப் படுத்தியது. கடைசியில் நாங்கள் கான்கிரீட் போட்டது கெடு தாண்டி, அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி.

முதலாளி என்னை ஓரமாக அழைத்தார். "மேஸ்திரி, தூணுல போன மாசம் இருபத்தெட்டுன்னு எழுதிடுங்க. அரசாங்க ஆய்வாளர் வந்து அதைப் போட்டோ எடுத்துட்டுப் போயிடுவாரு. தள்ளுபடி இல்லேன்னா வீடு வாங்குறவங்க கைகழுவிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் பழையபடி நீங்களும் நானும் ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"பல்லிகிட்டயாவது சொல்லணுமே?"

"அவன்கிட்ட சொன்னா ஊருக்கே தண்டோரா போட்ட மாதிரி. ஆய்வாளர் போனதும் நீங்களே அழிச்சிடுங்க."

சரி என்றேன். என் கையாலேயே சிவப்புப் பெயின்டில் எழுதினேன்.

ஆய்வாளர் பதினாறாம் தேதி வந்தார். வண்டியை அணைக்காமலே தூணைப் படம் பிடித்தார், போனார். நாளைக்குச் சுரண்டிவிடலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையே நினைத்தேன். அதற்குள் வேறொரு இடத்தில் அஸ்திவாரம் தோண்டும் அவசரம். சோம்பேறித்தனம் என்று சொன்னால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். மறந்தே போய்விட்டேன்.

பத்தொன்பதாம் தேதி காலையில் பல்லி ஊரிலிருந்து திரும்பினான். அவனுடைய அடுத்த வேலைக்கு முட்டுகள் தேவைப்பட்டன. தூணைப் பார்த்தான், நாளை எண்ணினான், உள்ளே போனான். கான்கிரீட் போட்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது. நான் கடையில் ஆணி வாங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் அங்கே வரை கேட்டது.

உயிர் தப்பியது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அன்று மதியமே முதலாளி அந்தத் தூணுக்கு வெள்ளை அடித்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு தெளிந்ததும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "எதுலதான்டா உனக்கு அவசரம் இல்ல? அவசரக்குடுக்கை, அவசரக்குடுக்கைன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!" என்று அழுதாள்.

"தேதி பாத்துத்தான்க்கா பிரிச்சேன். விரல் விட்டு ரெண்டு தடவை எண்ணினேன். எங்க தப்பு பண்ணேன்னு தெரியல." பிறகு என் பக்கம் திரும்பினான். "மாமா, என்னால உங்க பேரும் கெட்டுப்போச்சு. மன்னிச்சிடுங்க மாமா."

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவன் கண்ணைப் பார்த்ததும் பயந்துவிட்டேன்.

"பரவாயில்லடா" என்றேன்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினாள். "இப்படி ஒரு மாமா கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்டா" என்றாள்.